வண்டியின் வயசா, வண்டியின் நிலைமையா?

எங்கள் குடியிருப்பிலிருந்து ஊரப்பாக்கம் ரயில் நிலையத்துக்குக் காலையும் மாலையும் ஒரு வேன் ஓடுகிறது. வாடகையில் பாதியைச் சங்கம் போடுகிறது, மீதியைப் பயணிகள் பகிர்ந்துகொள்கிறார்கள். எல்லார் காசும் என்பதால், எப்படிப்பட்ட வண்டி வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டி வந்தது. கமிட்டி இரண்டாகப் பிரிந்தது. எட்டு வருஷத்துக்கு மேற்பட்ட வண்டி வேண்டாம் என்றது ஒரு கட்சி. வயசை விடுங்கள், நிலைமையைப் பாருங்கள் என்றது இன்னொன்று. நான் இரண்டாவது. கடைசியில் அதுதான் ஜெயித்தது. ஒன்றரை வருஷமாக ஓடுகிறது.

வயசு வரம்பின் வசதி எல்லாருக்கும் தெரியும்: ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) பார்த்தால் போதும், வாக்குவாதம் கிடையாது. 15 வருஷம் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் ரத்து செய்ததும் இந்தக் கணக்கில்தான். சிங்கப்பூரில் பஸ்ஸுக்கு வேறொரு வயசு வரம்பு. ஊருக்கு ஒரு எண் என்றால், அது வண்டியைப் பார்த்துச் சொன்ன எண் இல்லை. ஆனால் புகை விஷயத்தில் வயசுக் கட்சி சொன்னது நியாயம். 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ். 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் உள்ள புது வண்டிகளைத்தான் பதிவு செய்கிறார்கள். அதற்கு முந்தின வண்டியை எவ்வளவு பராமரித்தாலும் பி.எஸ். 6 ஆகாது.

என்னை நிலைமைக் கட்சிப் பக்கம் சாய்த்தது வண்டியின் தளம். 2024 பிப்ரவரியில் சென்னை அமைந்தகரை அருகே, ஓடிக்கொண்டிருந்த மாநகரப் பேருந்தின் தளப்பலகை உடைந்து ஒரு பெண் ஓட்டையில் விழுந்தது நினைவிருக்கும். தளம் ஒரே நாளில் இற்றுப்போவதில்லை. எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்று அரசு பரிசோதித்துத் தரும் சான்று) இருக்கிறதே என்பீர்கள். எட்டு வருஷம் வரை அது இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல்தான் வருஷா வருஷம். அதாவது வயசுக் கட்சி கேட்கிற இளைய வண்டியைத்தான் அரசு அபூர்வமாகப் பார்க்கிறது.

எங்களுக்கு வந்த வண்டிகள் இரண்டு: ஒன்று 2021 மாடல், இன்னொன்று 2013. எங்கள் பிளாக்கில் பணிமனை ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இரண்டிலும் ஏறி, கடைசி சீட்டுக்குக் கீழே தரை விரிப்பைத் தூக்கி, குதிகாலால் அழுத்திப் பார்த்தார். புது வண்டியில் பலகை அமுங்கியது. ஜன்னல் ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி ஊறிப்போயிருந்தது. பழசில் அந்த இடத்தைப் பிரித்து அலுமினியம் செக்கர் ஷீட் போட்டிருந்தார்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணையும் காட்டினார்: 3222 என்றால் 2022-இன் 32-ஆம் வாரம் தயாரானது. பழைய வண்டியின் டயர்தான் புதுசு!

அதனால் 2013-ஐ எடுத்தோம். மாதம் ஒரு முறை தளம், டயர், அவசர வழிக் கதவு, வைப்பர் பார்ப்போம். எழுதிக் கொடுத்த குறையை ஏழு நாளில் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 500 ரூபாய் பிடித்தம். விஷயமே இந்தப் பிடித்தத்தில்தான் இருக்கிறது. வயசு வரம்பு மட்டும் இருந்தால், எப்படியும் கழியப்போகிற வண்டிக்குக் கடைசி வருஷம் யார் காசு போடுவார்கள்? இங்கே மாதாமாதம் போட்டாக வேண்டும். இதுவரை இரண்டு தடவை பிடித்திருக்கிறோம். இரண்டாவது தடவைக்கு அப்புறம் உரிமையாளரே முதல் வாரத்தில் போன் போட்டு, “சார், எப்ப பாக்க வர்றீங்க?” என்று கேட்கிறார்.

பிரேக்கும் ஸ்டீயரிங்கும் எங்கள் கண்ணுக்கு எட்டாத விஷயம்; அதற்கு எஃப்.சி.யையும் மெக்கானிக்கையும்தான் நம்புகிறோம். ஃபோர்மேன் ஐயா ஊரில் இல்லாத மாதம் நான் பார்த்தேன். குதிகாலால் அழுத்தினேன், எல்லாப் பலகையும் எனக்கு ஒரே மாதிரிதான் இருந்தது. அப்படி ஒருவர் கிடைக்காத குடியிருப்பாக இருந்தால், பேசாமல் எட்டு வருஷம் என்று எழுதிவிடுங்கள்.