இட்லியை எடை போட்ட கதை: ஆப், பேண்ட், காலண்டர்

மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் சர்க்கரை டெஸ்டில் எனக்கு 6.1 வந்தது. 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோயின் வாசல்படியில் நிற்கிறோம் என்று அர்த்தம். டாக்டர் மாத்திரை தரவில்லை. "என்ன சாப்பிடுறீங்க, எவ்வளவு நடக்கிறீங்கன்னு குறிச்சிட்டு வாங்க, மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார். எதில் குறிப்பது என்று சொல்லவில்லை. அதனால் மூன்று வழியையும் பார்த்துவிட்டேன்.

முதலில் ஆப். பாக்கெட் பிஸ்கட், முட்டை, பால் என்றால் நொடியில் வேலை முடிந்தது. வீட்டுச் சாப்பாட்டிடம் வந்தால்தான் திணறுகிறது. 'சாம்பார்' என்று தேடினால் ஏழெட்டு சாம்பார் வரிசையாக வந்து நிற்கும். ஒன்றின் கலோரி இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் 528 உணவுப்பொருட்களின் சத்து அட்டவணையை வெளியிட்டிருக்கிறது. துவரம்பருப்புக்கும் கத்திரிக்காய்க்கும் அதில் கணக்கு உண்டு. ஆனால் அவை எங்கள் வீட்டுக் குழம்பாக மாறும்போது என்ன ஆகும் என்பது அம்மாவின் கையில் இருக்கிறது. அதிலும் எண்ணெய்! ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 120 கலோரி. தோசையைச் சுற்றி அம்மா ஊற்றுவது அரைக்கரண்டியா, ஒன்றரையா? ஆப்புக்கு எல்லாமே 'தோசை, 1'.

விடுவேனா, சமையலறைத் தராசு ஒன்று வாங்கினேன். வீட்டு இட்லி 42 கிராம், தெருமுனை மெஸ் இட்லி 65 கிராம். "இட்லிக்கு எடை போடுறவனை இப்பத்தான்டா பாக்குறேன். ஆறிப்போகுது, சாப்பிடு" என்றார் அம்மா. இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டேன். ஆனாலும் அந்த இரண்டு வாரம் வீண் இல்லை. ஒரு நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்று கூட்டினால் முப்பது கிராமுக்கு மேல் சர்க்கரை என்பது அப்போதுதான் உறைத்தது. அதுவரை டீயை நான் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்த்ததில்லை.

அடுத்து கையில் கட்டும் பேண்ட். நாம் எதுவும் எழுத வேண்டாம் என்பது பெரிய சௌகரியம். ஆனால் அது அடியை எண்ணுவது கை ஆடுவதை வைத்து. தேங்காய் துருவினால் எண் ஏறுகிறது. இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு மார்க்கெட்டிலிருந்து நடந்து வந்தால் ஏற மாட்டேன் என்கிறது. எல்லோரும் துரத்தும் அந்த 10,000 அடிகூட, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியதுதான்.

எரித்த கலோரி விஷயத்தில் இன்னும் மோசம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 2017இல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத்துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே காட்டின. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவீதம் தவறியது. '400 கலோரி எரித்தாய்' என்ற வரியை நம்பி நான் ஒரு தட்டு பஜ்ஜி சாப்பிட்ட நாளும் உண்டு. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வருடத்தில் கருவி கட்டியவர்கள் 3.5 கிலோ குறைந்தார்கள். அது இல்லாமல் வலைதளத்தில் தாங்களே பதிந்துவந்தவர்கள் 5.9 கிலோ. பஜ்ஜிக்குப் பிறகு எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

கடைசியில் சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டர். பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் எழுதுகிற அதே காலண்டர்தான். கட்டம் சின்னது, மூன்றே குறிப்புக்குத்தான் இடம்: 'ந 30' என்றால் முப்பது நிமிடம் நடை, 'டீ 2', ராத்திரி இரண்டாம் முறை சோறு வாங்கினால் ஒரு பெருக்கல் குறி. எண்ணெய், புரதம் எதுவும் இதில் தெரியாது. ஒரு வாரம் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மொத்தமாக ரொப்பவும் முடியும், செய்திருக்கிறேன். ஆனால் ஃபோனுக்குள் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை, சுவரில் இருப்பதை வீடே பார்க்கிறது. "நேத்து 'ந' காணோமே?" என்ற ஒரு கேள்விக்காகவே பல நாள் செருப்பை மாட்டியிருக்கிறேன்.

இன்சுலின் போடுபவர்களுக்கு இது போதாது, அவர்கள் சர்க்கரை அளவை நேரத்தோடு குறித்தாக வேண்டும். மற்றபடி யாராவது கேட்டால், இரண்டு வாரம் ஆப், அப்புறம் காலண்டர் என்றுதான் சொல்வேன். பேண்ட் ஏற்கெனவே இருந்தால் இருக்கட்டும், மணி பார்க்க உதவும்.

மூன்று மாதம் முடிந்ததும் டாக்டரிடம் காட்ட மூன்று தாளையும் கிழித்துக்கொண்டு போனேன். டெஸ்டில் 5.8. தாள்களை அங்கேயே மேஜையில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். அந்த மாதம் பால்காரர் சொன்னதுதான் கணக்கு.