3 கிராம் குஞ்சும் 650 ரூபாய்ப் பெட்டியும்

நம் பக்கத்தில் லவ் பேர்ட்ஸ் என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் ஆஸ்திரேலிய பட்ஜியாக இருக்கும். என்னிடம் இருப்பவை ஆப்பிரிக்க லவ் பேர்ட்ஸ், முகம் மட்டும் ரோஜா நிறம். ஐப்பசி அடைமழையில் நான்காவது முட்டை பொரிந்தது. முட்டைகள் நாள்விட்டு நாள் பொரிவதால், மூத்தவற்றோடு முட்டிமோதித் தீனி வாங்கக் கடைக்குட்டிக்குத் தெம்பில்லை. மறுநாள் காலையில் பானை ஓரத்தில் குளிர்ந்து கிடந்தது. உள்ளங்கையில் பொத்திக்கொண்டு பக்கத்துப் பத்தர் கடைக்கு ஓடினேன். தராசு 3 கிராம் காட்டியது. அரைப் பவுன்கூட இல்லை.

அன்றே பாபநாசத்திலிருந்து பஸ் பிடித்துக் கும்பகோணம் போய், ஒரு பறவைக் கடையில் குஞ்சு வளர்க்கும் பெட்டி வாங்கிவந்தேன். தீனி மாவு, ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சு இரண்டு, வளைந்த கரண்டி, வெப்பமானி. விலை 650 ரூபாய்.

மாவு நல்ல மாவு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொதித்து ஆறிய நீரில் கட்டியில்லாமல் கரைகிறது. முதல் நாட்களில் நீர்மோர் போல, பிறகு மெல்ல மெல்லக் கஞ்சிப் பதத்துக்கு. ஒரு வேளைக்கு இரண்டு மூன்று சொட்டுதான். குஞ்சின் தோல் அவ்வளவு மெல்லியது என்பதால் கழுத்தடியில் தீனிப்பை துவரம்பருப்பு அளவுக்கு மஞ்சளாகப் புடைப்பது வெளியிலிருந்தே தெரியும். அது வற்றினால்தான் அடுத்த வேளை. இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்தேன். "பெற்ற பிள்ளைக்குக்கூட நீ இப்படிக் கண்விழித்ததில்லை" என்றார் மாமியார். உண்மைதான், அப்போது என் அம்மா இருந்தார்.

வெப்பமானிதான் வம்பு. தீனி 39, 40 டிகிரி செல்சியஸில் இருக்கவேண்டும். ஆறினால் தீனிப்பையில் தேங்கிப் புளித்துவிடும், மிஞ்சினால் உள்ளே வெந்துவிடும். இரண்டாம் நாள் இரவு பெட்டியில் வந்த கருவி 39 என்றது. பழக்கதோஷத்தில் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், சுரீர் என்றது. வீட்டில் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை வைத்தால் 42-ஐயும் தாண்டி நின்றது. அந்தச் சொட்டு குஞ்சின் வாய்க்குள் போயிருந்தால்? இன்றைக்கும் நினைத்தால் கை நடுங்குகிறது. கடையில் கேட்டதற்கு, "அக்கா, அது சும்மா ஒரு அடையாளத்துக்கு வைப்பது" என்றார்கள். அடையாளத்துக்கு வைப்பதற்கு வெப்பமானி என்ன திருஷ்டிப் பொம்மையா?

இன்னொரு குறை, மாவைப் பெரிய மூட்டையிலிருந்து பிரித்துச் சாதாரண உறையில் கட்டியிருக்கிறார்கள். காலாவதித் தேதியும் இல்லை, எப்படிப் புகட்டுவது என்று ஒரு துண்டுச்சீட்டும் இல்லை. அலகின் இடப்பக்கம் சிரிஞ்சை வைத்து வலப்பக்கம் சாய்த்துக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் மூச்சுக்குழாயில் ஏறிவிடும் என்பதை ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரியில் படித்த என் அண்ணன் மகன்தான் போனில் சொன்னான். கார்த்திகை ஈரத்தில் மாவு கட்டிதட்டத் தொடங்கியதும் காற்றுப்புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன்.

சூட்டுக்குத் தெர்மகோல் பெட்டியும் 40 வாட் குண்டு பல்பும் போதுமாக இருந்தன. மழையில் மின்சாரம் போன இரவுகளில் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்தேன்.

மாவு தீர்ந்தால் மாவை மட்டும் வாங்குவேன், அதுவும் தேதி அச்சிட்ட உறையில். கரண்டி பழுதில்லை. சிரிஞ்சின் ரப்பர் பத்து நாளில் இறுகி, தள்ளினால் மொத்தமும் பாய்கிறது. மருந்துக்கடை சிரிஞ்சே மேல்.

எட்டாவது வாரத்தில் தானாகத் தினை கொறிக்க ஆரம்பித்ததும் மறுபடி பத்தர் தராசில் நிறுத்தினோம். 46 கிராம். "ஆறு பவுனுக்கு இரண்டு கிராம் குறைகிறதே" என்றேன். "செய்கூலி, சேதாரம் சேர்த்துக்கொள்ளம்மா, சரியாக வந்துவிடும்" என்றார்.