அப்பாவின் காரும் 25-ஆவது நிமிடமும்

மூன்று வார லீவில் பத்திர வேலை, வங்கி வேலை, பல் வைத்தியம் எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்துவிட்டன. அதையெல்லாம் எழுதப் போவதில்லை. எழுத இருப்பது அப்பாவின் 2008 மாடல் காரின் ஏசியைப் பற்றி மட்டும்.

கிளம்பியதும் ஐஸ் மாதிரி காற்று வரும். 25 நிமிடம் ஆனால் அனல். காற்றின் வேகம் குறையாது, குளிர்ச்சி மட்டும் போய்விடும். எங்காவது நிறுத்திவிட்டு அரை மணி கழித்து எடுத்தால் மறுபடியும் ஐஸ். அப்பா இதோடு இரண்டு கோடையை ஓட்டியிருக்கிறார். "வரும்போது வரட்டும்டா" என்று ஜன்னலை இறக்கிவிடுவார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரு பட்டனை அழுத்தினால் வேலை நடக்கும் ஊரில் 14 வருஷம் இருந்து கெட்டுப்போன உடம்பு.

முதலில் போன இடத்தில் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே, "காஸ் கம்மி சார்" என்றார்கள். காஸ் குறைந்திருந்தால் அரை மணி ஓய்வில் அது எப்படித் திரும்பி வரும் என்று கேட்டேன். பதில் இல்லை. நான் போன் பேச ஓரமாகப் போன நேரத்தில் புஸ்ஸென்று ஒரு சத்தம். இருந்த காஸ் மொத்தத்தையும் காற்றில் விட்டுவிட்டார்கள்! நான் இருக்கும் நாட்டில் சான்றிதழ் இல்லாதவர் அந்த காஸைத் தொடவே கூடாது. இந்தக் காரில் இருப்பது ஆர்134ஏ. ஓசோனுக்குக் கெடுதல் இல்லை என்றுதான் 90களில் பழைய ஆர்12-ஐத் தூக்கிவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். ஆனால் பூமியைச் சூடாக்குவதில் இது கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். இதை நான் விளக்க, அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அப்புறம் பைப்புக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வாக்யூம், அதுவும் ஐந்தே நிமிடம். காஸை எடை போடவும் இல்லை. பைப்பைக் கையால் தொட்டுப் பார்த்து, "சில்லுனு இருக்கு, போதும்" என்று மூடிவிட்டார்கள்.

திரும்பும் வழியில், வழக்கம்போல, 25-ஆவது நிமிடம்.

இரண்டாவது இடம் பளபளவென்று இருந்தது. காரை கம்ப்யூட்டரில் மாட்டினார்கள். என்ன பழுது என்று காட்டும் எரர் கோட் ஒன்றும் வரவில்லை. அவர்கள் பார்த்த 10 நிமிடமும் ஏசி நல்ல பிள்ளையாக ஓடியது. "எதுக்கும் கம்ப்ரஸரை மாத்திடலாம் சார்," என்றார்கள், காஸை அழுத்தி ஓடவைக்கும் பம்ப்பை. எதுக்கும்! இந்த ஒரு சொல்லுக்காகவே வெளியே வந்துவிட்டேன். நியாயமாகச் சொன்னால், வெளிநாட்டிலும் எனக்கு இதுதான் நடந்திருக்கும். 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று அச்சடித்த தாளும் பில்லும் கொடுத்து அனுப்பியிருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவதாகப் போனது அப்பாவுக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம். போர்டு கூட இல்லை. காரைத் தொடாமல் முதலில் கேள்வி கேட்டார்.

"குளிர்ச்சி போறப்போ காத்தும் கம்மியாகுதா தம்பி?"

இல்லை என்றேன். கம்மியானால் கூலிங் காயிலில் ஐஸ் கட்டி அடைக்கிறது என்று அர்த்தமாம். அதைத் தடுக்க உள்ளே ஒரு சென்சார் இருக்கிறது, அது கெட்டால் இப்படி ஆகும்.

"டிராஃபிக்ல நின்னா போயிட்டு, ஓட ஆரம்பிச்சா வருதா?"

அதுவும் இல்லை. அப்படியென்றால் முன்னால் இருக்கும் ஃபேனைச் சந்தேகப்பட வேண்டும். எஞ்சின் சூடு முள் ஏறுகிறதா என்று அடுத்த கேள்வி. இல்லை.

"சரி, ஸ்டார்ட் பண்ணுங்க. ஏசியைப் போடுங்க. அது எப்ப நிக்குதோ அப்பப் பாத்துக்கலாம்."

இதைத்தான் சொல்ல வந்தேன். இரண்டு இடத்திலும் கார் நன்றாக இருக்கும்போது அதற்கு வைத்தியம் பார்த்தார்கள். இவர் அது கெடும்வரை காத்திருந்தார். வெயிலில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்து, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். போன் பார்க்கவில்லை, வேறு வண்டி எடுக்கவில்லை. கையில், ஒயரில் கரண்ட் வந்தால் எரியும் ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு மரக்குச்சி. எனக்கோ வெளிநாட்டுப் புத்தி, மணிக்கணக்கில் கூலி மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஏசி பெல்ட்டின் சத்தத்தோடு 'டிக்' என்று அவ்வப்போது ஒரு சத்தம் கேட்டது. கம்ப்ரஸரின் முன்னால் இருக்கும் கிளட்ச் ஒட்டும் சத்தம் அது என்றார். கப்பி எப்போதும் சுற்றும், கிளட்ச்சுக்குள் இருக்கும் கம்பிச் சுருளுக்கு, அதாவது அதன் காயிலுக்கு, 12 வோல்ட் போனால்தான் காந்தமாகி முன் பிளேட்டை இழுத்து ஒட்டவைக்கும். ஒட்டினால்தான் கம்ப்ரஸர் ஓடும்.

இந்த முறை அரை மணி கடந்துவிட்டது. எப்போதும் வருவது இன்று வராதோ என்று எனக்குப் பதற்றமே வந்தது. கெட்டுப்போ, கெட்டுப்போ என்று ஒரு மெஷினை வேண்டிக்கொண்டது அன்றுதான்.

36-ஆவது நிமிடத்தில் அந்த 'டிக்' வரவில்லை.

பெரியவர் எழுந்து டெஸ்ட் லேம்ப்பைக் காயிலின் ஒயரில் வைத்தார். எரிந்தது. "கரண்ட் வருது. அப்ப ரிலே, பிரஷர் சுவிட்ச் எல்லாம் நல்லாருக்கு." கிளட்ச்சுக்குக் கரண்டை அனுப்பும் பாகங்கள் அவை. லேம்ப் எரியாமல் இருந்திருந்தால் முதலில் ஹாரன் ரிலேவை மாற்றிப் போட்டுப் பார்த்திருப்பாராம், பல வண்டிகளில் ஹாரன் ரிலேவும் ஏசி ரிலேவும் ஒரே ரகம். பிறகு என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மரக்குச்சியால் கிளட்ச் பிளேட்டின் நடுவில் லேசாக ஒரு தட்டு. 'டிக்.' ஒட்டிக்கொண்டது. இரண்டு நிமிடத்தில் பைப் வேர்த்தது. (ஓடும் பெல்ட் பக்கத்தில் குச்சியோடு போக நீங்களும் நானும் முயற்சி செய்ய வேண்டாம்.)

விஷயம் இதுதான். வருஷக்கணக்கில் ஒட்டி ஒட்டிப் பிளேட் தேய்ந்து, அதற்கும் கப்பிக்கும் உள்ள இடைவெளி அதிகமாகிவிட்டது. பெரும்பாலான வண்டிகளில் அது அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர். காயில் குளிர்ந்திருக்கும்போது காந்தத்துக்கு வலு இருக்கிறது, எப்படியோ இழுத்துவிடும். எஞ்சின் சூட்டில் காயிலின் தாமிரக் கம்பிக்கு மின்தடை கூடும். 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 30 சதவீதம். கரண்ட் குறைகிறது, காந்தம் தளர்கிறது, பிளேட்டை எட்ட முடியவில்லை. நிறுத்தி ஆறவிட்டால் மறுபடியும் எட்டுகிறது. இரண்டு கோடைகளின் மர்மம் இவ்வளவுதான்.

எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, நடு போல்ட்டைக் கழற்றி, உள்ளே இருந்த காகிதம்போல மெல்லிய ஒரு வாஷரை எடுத்துவிட்டார். இடைவெளி சரியாகிவிட்டது. புதிதாக ஒரு பொருளும் போடவில்லை, இருந்ததில் ஒன்று குறைந்தது! அடுத்த முறை எடுப்பதற்கு வாஷர் இருக்காது, அப்போது கிளட்ச் மாற்ற வேண்டும் என்றும் சொன்னார்.

இந்த வேலைக்குக் காஸைத் திறக்கவே தேவையில்லை. ஆனால் காஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்ததில் முள் ஆடிக்கொண்டிருந்தது. முதல் இடத்தின் ஐந்து நிமிட வாக்யூமில் உள்ளே காற்று தங்கிவிட்டதாம். இருந்த காஸை மெஷினில் உறிஞ்சி எடுத்து, முக்கால் மணி வாக்யூம் போட்டு, பானெட் ஸ்டிக்கரில் இருந்த கிராம் கணக்குப்படி எடை போட்டு ஏற்றினார். காற்றில் விடவில்லை என்பதைக் கவனித்தேன். சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்க வாய் வரவில்லை.

அடுத்த நாள் இரண்டு மணி நேரம் ஓட்டினோம். ஐஸ்தான். 25 நிமிடம் ஆனதும் அப்பா பழக்கத்தில் ஜன்னலை இறக்கினார், நான் ஏற்றினேன்.

திரும்பி வந்த பிறகு என் காரில் ஒரு பக்க ஜன்னல் கண்ணாடி சில நாள் இறங்குகிறது, சில நாள் இறங்குவதில்லை. சர்வீஸுக்குப் போன் செய்தேன். மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். "அது கெடும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பீர்களா?" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அந்தப் பெண் கேள்வியை இன்னொரு முறை கேட்கச் சொன்னாள்.