நாளைக்கு வந்துடறேன் தம்பி

பதினெட்டு நாள் லீவு. அதில் பதினோரு நாள் ஓடு மாற்றுகிறவருக்காகத் திண்ணையில் உட்கார்ந்திருந்ததிலேயே போனது. கல்யாணம், குலதெய்வம் கோயில், கும்பகோணத்து டிகிரி காபி எல்லாம் குறையில்லாமல் நடந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தாத்தா கட்டிய வீடு. ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்றியாக வேண்டும் என்பது ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அப்பா இருந்தவரை அது தானாக நடந்தது. அவர் போய் ஆறு வருஷமாக மாற்றியது குரங்குகள் மட்டும்தான். யாரிடம் கேட்டாலும், "இடிச்சுட்டுத் தளம் போட்டுடுங்க" என்றார்கள். ஓடு மாற்றத் தெரிந்தவர் சுற்றுவட்டாரத்தில் இப்போது ஒரே ஒருவர், எழுபதைத் தாண்டியவர். அவர் மகன் திருப்பூருக்குப் போய்விட்டார்.

தினமும் காலையில் போன் செய்வேன். "நாளைக்கு வந்துடறேன் தம்பி." நான் இருக்கும் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் கூரை வேலைக்கு ஆள் கேட்டால் இரண்டு மாதம் கழித்துத்தான் தேதி கிடைக்கும், ஆனால் அந்தத் தேதியில் காலை ஏழரைக்கு ஏணியோடு நிற்பார்கள். கூலியைக் கேட்டால் தலை சுற்றும் என்பது வேறு விஷயம்.

பன்னிரண்டாம் நாள் வந்தார். "என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றேன். பதில் சொல்லாமல் ஏணியில் ஏறினார். முற்றத்தை ஒட்டிய கைமரத்தில் அவர் நகத்தால் கீறியதும் மரம் மாவாகக் கொட்டியது. கரையான். இருபதாயிரத்தில் முடியும் என்று நினைத்த வேலை அந்த நிமிஷமே அறுபதாயிரத்தைத் தொட்டது. சித்தாளும் வரவில்லை, ஓட்டை வாங்கி அடுக்க நானே நின்றேன். இரண்டாம் நாள் இடுப்பு நிமிரவில்லை.

ஆனால் அவர் வேலையைப் பார்க்க வேண்டும். இறக்கிய ஒவ்வொரு ஓட்டையும் இடது கையில் தொங்கவிட்டு, விரல் முட்டியால் ஒரு தட்டு. ணங்கென்றால் வலப்பக்கம், டொக்கென்றால் இடப்பக்கம். கண்ணுக்குத் தெரியாத கீறல்கூடச் சத்தத்தில் தெரிந்துவிடுமாம். நானும் தட்டிப் பார்த்தேன்; எனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான். "காதைக் குடு தம்பி, கையை இல்ல" என்றார்.

ணங்கென்ற ஒரு ஓட்டைத் திருப்பிக் காட்டினார். அடியில் ஆங்கிலத்தில் பாசல் மிஷன், மங்களூர், 1865. அது பாசலிலிருந்து வந்த அந்தக் கிறிஸ்தவ மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம். சம்பாதிக்க நான் எந்த ஊருக்குப் போனேனோ, அந்த ஊர்ப் பெயரைத்தான் சின்ன வயதில் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். இதைச் சொன்னபோது அவர், "அப்படியா? அந்த ஊர் மண்ணு நல்ல மண்ணு" என்றார். மண் மங்களூர் மண்தான் என்று திருத்த மனம் வரவில்லை.

உடைந்தவற்றுக்குப் பதில், இடித்த வீடுகளிலிருந்து வந்த பழைய ஓடாகத் தேடி வாங்கினோம். அப்படியும் மேற்குத் தாழ்வாரம் மிச்சம். தார்ப்பாயைக் கட்டிவிட்டு விமானம் ஏறினேன்.

போன வாரம் சித்தி வாட்ஸாப்பில் படம் அனுப்பினார்: கிழிந்த தார்ப்பாய், கீழே அண்டா. உடனே ஓடு மாற்றுகிறவருக்குப் போன் போட்டேன்.

"நீங்க என்னைக்கு வரீங்கன்னு சொல்லுங்க தம்பி. அதுக்கு மொத நாள் வந்துடறேன்."