வளர்ந்து ஆளானது யார்? பீட்டர் பார்க்கரும் டிக் கிரேசனும், நடுவில் வாலி வெஸ்டும்

சூப்பர் ஹீரோ காமிக்ஸில் ஒரு சிறுவன் வளர்ந்து பெரியவனாகும் கதை எது என்று கேட்டால், பெரும்பாலோர் யோசிக்காமல் ஸ்பைடர்மேனைச் சொல்வார்கள். நான் பேட்மேனின் கைத்துணையான முதல் ராபினை, டிக் கிரேசனைச் சொல்வேன். ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரின் கதை மட்டம் என்பதால் அல்ல. அதன் முதல் பதினோரு ஆண்டுகளுக்கு ஈடாக இந்தத் துறையில் எதுவுமே இல்லை என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு நடந்ததில்தான் என் வருத்தம் இருக்கிறது.

1962 ஆகஸ்ட் தேதியிட்ட அமேசிங் ஃபேன்டஸி 15ஆம் இதழில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் பீட்டரை அறிமுகப்படுத்தினார்கள். அதுவரை பள்ளி வயதுப் பையன் என்றால் பெரும்பாலும் பெரிய ஹீரோவின் கைத்துணைதான். இங்கே பையனே ஹீரோ. அதைவிடப் புதுமை, அவனுடைய காலம் நகர்ந்தது. 1965இல், அவன் பெயரிலேயே வந்த அமேசிங் ஸ்பைடர்மேனின் 28ஆம் இதழில் பள்ளியை முடிக்கிறான். உதவித்தொகையோடு கல்லூரிக்குப் போகிறான். முதல் இதழைப் பதினைந்து வயதில் வாங்கிய வாசகனும் அதே நேரத்தில் பள்ளியை விட்டு வெளியே வந்திருப்பான். இருவரும் சேர்ந்தே வளர்ந்தார்கள்.

33ஆம் இதழை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. மே அத்தை மரணப் படுக்கையில் கிடக்கிறார். காரணம், பீட்டர் முன்பு கொடுத்த ரத்தம். அதிலிருந்த கதிரியக்கம் அவரைக் கொல்கிறது. காப்பாற்றும் மருந்து கண்ணெதிரே தரையில் கிடக்க, பீட்டர் ஒரு ராட்சத இயந்திரத்தின் அடியில் நசுங்கிக் கிடக்கிறான். மேலே கூரையில் விரிசல் விட்டுத் தண்ணீர் கொட்டுகிறது. டிட்கோ அவசரப்படவில்லை. பக்கம் பக்கமாக அந்த ஒரே முயற்சியை வரைகிறார். கட்டங்கள் பெரிதாகிக்கொண்டே போய், இயந்திரம் தூக்கி எறியப்படும் கணம் முழுப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறது. பென் மாமாவைத் தன் அலட்சியத்தால் இழந்தவன், இன்னொருவரை இழக்க மாட்டேன் என்று எழுகிறான். பிள்ளைப் பருவம் அந்தப் பக்கத்தில் முடிகிறது.

1973இல் 121ஆம் இதழில் பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசி இறந்தாள். எழுதிய ஜெரி கான்வேக்கு அப்போது இருபது வயதுதான். அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தைத்தான் நான் அதிகம் நினைப்பேன். எப்போதும் கேலியும் கும்மாளமுமாக இருந்த தோழி மேரி ஜேன் ஆறுதல் சொல்ல வருகிறாள். பீட்டர் அவளைக் கடுஞ்சொல்லால் விரட்டுகிறான். அவள் கதவுவரை போய், அதைச் சாத்திவிட்டு உள்ளேயே நின்றுகொள்கிறாள். அந்தப் பக்கத்தில் வளர்ந்தவள் அவள்.

பிறகு வேகம் குறைந்தது. 1965இல் சேர்ந்தவனுக்குக் கல்லூரிப் பட்டமளிப்பு விழா வர 1978 ஆயிற்று. 1987இல் மேரி ஜேனை மணந்தான். 2007இல், அத்தையின் உயிருக்கு விலையாக அந்தத் திருமணத்தை மெஃபிஸ்டோ என்ற சாத்தானிடம் கொடுத்துவிட்டதாகக் கதை எழுதி, இருபது ஆண்டு இல்லறத்தை அழித்தார்கள். திருமணம் அவனை முதியவனாக்குகிறது என்று பதிப்பகம் கருதியது. அத்தையின் மரணத்தை ஏற்பதே வளர்ந்த மனிதனின் செயல். அதற்காகவே பதினோரு ஆண்டு அடித்தளம் போட்ட கதை, அந்த இடத்தில் அவனைப் பிள்ளையாக்கி வீட்டுக்கு அனுப்பியது. இதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

டிக் கிரேசனின் பயணம் நேர்மாறானது. 1940இல், பேட்மேனுக்குப் பேச்சுத்துணை வேண்டும் என்பதற்காகவே படைக்கப்பட்டவன் ராபின். சர்க்கஸ் ஊஞ்சல் கயிற்றைக் கயவர்கள் கெடுத்ததால் பெற்றோரை இழந்த சிறுவன். அடுத்த 29 ஆண்டுகள் அவன் சிறுவனாகவே இருந்தான். 1969இல்தான் கல்லூரிக்குப் புறப்பட்டான். வளர அனுமதியே இல்லாமல் தொடங்கியவன் அவன். ஆனால் இதழின் தலைப்பு அவன் பெயரில் இல்லை என்பதே அவனுக்கு வழி திறந்தது. பேட்மேன் கதைகளுக்கு ஒரு சிறுவன் தேவைப்பட்டான். 1983இல் அந்த இடத்துக்கு ஜேசன் டாட் வந்தான். டிக்கை மார்வ் வுல்ஃப்மேனும் ஜார்ஜ் பெரெஸும் டீன் டைட்டன்ஸ் என்ற இளம் ஹீரோக்கள் குழுவின் கதைகளில் வளர்த்தார்கள். 1984இல் ராபின் உடையைத் தானே கழற்றி வைத்தான். சில மாதங்களில் நைட்விங் என்ற புதுப் பெயரில் தனி ஹீரோ ஆனான்.

தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பார்கள். பேட்மேனுக்கு அது எளிதில் வரவில்லை, அதனால்தான் இந்தக் கதை உண்மையாக இருக்கிறது. 1987இல் பழங்கதையை மாற்றி, வில்லன் ஜோக்கர் டிக்கைச் சுட்டதும் பேட்மேனே அவனை ராபின் வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக எழுதினார்கள். எனக்கு 1984தான் பிடிக்கும்: விரட்டப்பட்டவனைவிட, நன்றியோடு விடைபெறுபவன் பெரியவன். 2001இல், முழு ஆண்மகனான பிறகு, பேட்மேனான ப்ரூஸ் வெய்ன் அவனைச் சட்டப்படி மகனாகத் தத்தெடுத்தார். பாதுகாவலராக வளர்த்தவர் தந்தையாக அத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்.

டிக்கையும் பின்னுக்கு இழுக்காமலில்லை. 2018இல் தலையில் குண்டடிபட்டு நினைவிழந்ததாக எழுதி இரண்டு ஆண்டுகளை வீணடித்தார்கள். ஆனால் அவன் மீண்டும் ராபின் ஆகவில்லை.

மனத்துக்குள் நடக்கும் வளர்ச்சி மட்டும் போதும் என்பவர்களுக்கு வாலி வெஸ்ட் இருவரையும்விட மேல். மின்னல் வேகத்தில் ஓடும் ஹீரோ ஃப்ளாஷ், அதாவது பேரி ஆலன், 1985இல் இறக்க, அவருடைய கைத்துணையான வாலி அந்தப் பெயரை ஏற்றான். ஆனால் பேரியின் வேகத்தை அவனால் எட்ட முடியவில்லை. 1993இல் எழுத்தாளர் மார்க் வெய்டு அதற்குக் காரணம் சொன்னார்: பேரிக்கு நிகராக ஓடிவிட்டால் பேரியின் இடம் நிரம்பிவிடும், அவர் உண்மையாகவே இல்லாமல் போய்விடுவார் என்று வாலியின் மனமே கடிவாளம் போட்டிருந்தது. அப்பாவின் நாற்காலியில் உட்காரத் தயங்கிய எவருக்கும் இது புரியும். அப்படி எழுதப்பட்டவனை 2011இல் கதையுலகை மறுபடி தொடங்கியபோது ஓரங்கட்டினார்கள். மீண்டும் வர 2016 ஆயிற்று.

2014இல் மிஸ் மார்வெலாகத் தனி இதழ் பெற்ற ஜெர்சி நகரத்துக் கமலா கானின் பதின்பருவக் கதையும் அருமை. ஆனால் அது இன்னும் தொடக்கமே; இந்த வரிசையில் வைத்து எடை போடும் காலம் வரவில்லை.

டிக்கின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த காலம் 2009. ப்ரூஸ் இறந்துவிட்டார் என்று எல்லோரும் நம்புகிறார்கள். கிராண்ட் மாரிசனின் கதையில் டிக்கே பேட்மேன். ப்ரூஸின் பத்து வயது மகன் டேமியன் ராபின். இப்போது சிரிப்பவன் பேட்மேன், முறைப்பவன் ராபின். இந்த வேடம் தனக்குப் பொருந்தவில்லை என்று டிக் தவிக்கும்போது, நாடக மேடையில் ஏற்கும் ஒரு பெரிய பாத்திரமாக அதை நினைத்துக்கொள்ளும்படி ப்ரூஸின் வீட்டுப் பணியாளர் ஆல்ஃப்ரெட் சொல்கிறார். சர்க்கஸ்காரரின் பிள்ளைக்கு அது உடனே புரிகிறது.