ஸ்ட்ரெயிட்னரை விட்ட மூன்றரை ஆண்டுகளும் உலராத தலைமுடியும்

சென்ற கிழமை யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து என் மச்சாள் தொலைபேசியில் அழைத்தாள். படிப்புக்காகக் கொழும்புக்கு வரவிருக்கும் மகள், தலைமுடியைச் சூட்டால் நேராக்கும் ஸ்ட்ரெயிட்னர் ஒன்று வாங்கித் தரும்படி அடம்பிடிக்கிறாளாம். "நீங்கள் அதை விட்டுக் கனகாலம்தானே. விட்டதால உண்மையா முடி வளர்ந்ததோ?" என்று கேட்டாள். வளர்ந்தது என்று உடனே சொல்லிவிட்டேன். அந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனால் வெள்ளவத்தையில் திருத்தக் கொடுத்திருந்த ஹெயார் ட்ரையரை அன்று மாலைதான் நான் வாங்கி வந்திருந்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. அதை மறைத்தது அன்றிரவு முழுவதும் மனதை உறுத்திக்கொண்டே இருந்ததால், இந்த மூன்றரை ஆண்டுகளில் எனக்குக் கிடைத்தது என்ன, இன்றுவரை என் பொறுமையைச் சோதிப்பது என்ன என்பதை முழுமையாக எழுதிவிடுகிறேன்.

அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் நான் ஸ்ட்ரெயிட்னர் பயன்படுத்தியவள். கிழமையில் நான்கு நாட்களாவது காலையில் அதைச் சூடாக்குவேன். 200 பாகை போதாதென்று 230 வரை ஏற்றுவேன். முடி முழுதாக உலரும்வரை காத்திருக்க நேரம் இராது. ஈரம் மிச்சமிருக்கும் கற்றையைத் தட்டுகளுக்கு இடையில் வைத்து இழுத்தால், சூடேறிய தோசைக்கல்லில் நீர் தெளித்தது போலச் சீறும். ஆவியோடு கோழி இறகு பொசுங்கும் நெடியும் எழும். அந்தச் சீறலை நான் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. முடித்தண்டின் உள்ளே இருக்கும் நீர் சட்டென்று கொதித்து ஆவியாகும்போது தண்டுக்குள் குமிழிகள் உண்டாகின்றன என்பதையும், குமிழி விழுந்த இடம் வலுவிழந்து முறிந்துவிடும் என்பதையும் பிறகுதான் வாசித்து அறிந்தேன். இத்தனையும் செய்து நேராக்கிய முடி, காலி வீதியில் 100 ஆம் இலக்கப் பேருந்து கொள்ளுப்பிட்டியைத் தாண்டும்வரைகூடத் தாங்காது. வெப்பம் முடியிலுள்ள ஐதரசன் பிணைப்புகளைத் தற்காலிகமாகத்தான் மாற்றியமைக்கிறது. காற்றின் ஈரம் ஏறியதும் அவை குலைந்து, முடி பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். யன்னலால் கடற்காற்று அடிக்கும் பேருந்தில் வேறென்ன நடக்கும்?

நானாக மனம் திருந்தி விட்டேன் என்று சொல்ல முடியாது. இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை போனது. காலையில் மின்சாரம் இருக்குமா என்பதே தெரியாத வீட்டில் ஸ்ட்ரெயிட்னரை நம்பியிருக்க முடியாமல், தலையைப் பின்னிக்கொண்டு வேலைக்குப் போகத் தொடங்கினேன். பின்னர் அந்த ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தன. ஒருவழியாக மின்வெட்டு ஓய்ந்தபோது, சூடு படாத புதுமுடி அரைச் சாண் அளவுக்கு வளர்ந்திருந்தது. அதைக் கொண்டுபோய் 230 பாகையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"முடி வளரவில்லை" என்று நான் ஒன்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்தது தவறு. அது மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று மேலாக வளர்ந்துகொண்டேதான் இருந்தது. வளர்ந்த அளவுக்கு நுனியில் முறிந்தும் கொண்டிருந்தது. அதனால்தான் தோளைத் தாண்டவே இல்லை. வெப்பத்தை விட்டால் முடி விரைவாக வளரும் என்று சொல்பவர்களை நம்பவேண்டாம். வேர் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். வளர்ந்தது மிஞ்சுகிறது என்பதே உண்மை.

முதல் ஆண்டு எந்த வகையிலும் இனிமையானதல்ல. மேல்பாதி சுருண்டு பருத்தும் கீழ்ப்பாதி வைக்கோல் போல வெளிறியும், ஒரே தலையில் இரண்டு பேருடைய முடி இருப்பது போலத் தோன்றும். சீப்பில் வந்த ஒரு முடியை எடுத்து யன்னலோரம் வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தேன். நுனியிலிருந்து மூன்று விரல் மேலே ஒரு சிறு வெண்புள்ளி இருந்தது. தாளின் வெண்மையோடு அது கலந்துவிட்டதால் அந்த இடத்தில் முடி அறுந்து கிடப்பது போலவே தெரிந்தது. இரு முனைகளையும் பிடித்து மெல்ல இழுத்ததும் சரியாக அந்தப் புள்ளியிலேயே அறுந்தது. அறுந்த முனையை உற்றுப் பார்த்தால், தேய்ந்த விளக்குமாறு போல இழை இழையாகப் பிரிந்திருந்தது. இப்படிப்பட்ட முடியை எந்த எண்ணெயும் எந்தக் கிறீமும் மீண்டும் ஒட்டாது. வெட்டித்தான் கழிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு சென்ரிமீற்றர் வீதம் வெட்டி வந்தேன்.

பலனைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. 2022 ஏப்ரலில் தையல் நாடாவால் பிடரியிலிருந்து அளந்தபோது 31 சென்ரிமீற்றர். இந்த மாதம் அளந்தபோது 66. முன்பு நான்கு சுற்றுச் சுற்றிய ரப்பர் பட்டி இப்போது இரண்டு சுற்றிலேயே இறுகிவிடுகிறது. எலிவாலாய் முடிந்த பின்னலுக்கு இன்று நுனிவரை தடிப்பு இருக்கிறது. நான் எதிர்பாராத மகிழ்ச்சி என்னவென்றால், என் முடியில் இயல்பாகவே ஓர் அலை இருப்பது எனக்கு 36 வயதில்தான் தெரியவந்தது. பள்ளிக் காலம் முழுவதும் அம்மா இறுகப் பின்னிவிட்டார்; பிறகு நானே நேராக்கிவிட்டேன். நெற்றியோரத்தில் தானாக வளைந்து விழும் அந்தக் கற்றையைக் கண்ணாடியில் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருக்கிறது. எண்ணெய் விடயத்திலும் அம்மம்மா சொன்னதே சரியாகியது. தேங்காய் எண்ணெய் முடித்தண்டின் உள்ளே சென்று புரத இழப்பைக் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு செய்வதில்லை என்று 2003 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முழுகுவதற்கு முதல்நாள் இரவு எண்ணெய் வைப்பதை நான் தவறவிடுவதில்லை.

ஆனால் இந்த முடி உலராது. மச்சாளிடம் நான் சொல்லாமல் விட்டதும், வெப்பத்தை விடச் சொல்லி எனக்கு அறிவுரை தந்த எவரும் சொல்லாமல் விட்டதும் இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தலை முழுகினால், பிற்பகல் ஒரு மணிக்கும் பிடரியில் விரலை நுழைத்தால் ஈரம் படும். எங்கள் தொடர்மாடியில் முற்றம் இல்லை. வெயில் விழும் ஒரேயொரு பல்கனியையும் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் பத்து மணிக்கே மறைத்துவிடும். துவாயை விட்டுவிட்டுப் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுப்பதால் சிக்கு குறைந்தது என்பது உண்மை, ஆனால் நேரம் குறையவில்லை. வேலைநாளில் காலையில் முழுகினால், பேருந்தில் சட்டையின் முதுகுப்புறம் நனைந்து ஒட்டும். அதே ஈரத்தோடு அலுவலகக் குளிரூட்டியின் கீழ் அமர்ந்தால் மாலைக்குள் தடிமன் பிடிக்கும். இரவில் முழுகினால் தலையணை உறையில் மக்கிய வாடை எழும். நேரம் போதாமல் ஈரத்தோடு கொண்டை போட்டுக்கொண்டு போன சில மாதங்களில் தலையில் அரிப்பு வந்து, ஈரத்தலையைக் கட்டவே கூடாது என்று வைத்தியர் கண்டித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். முடி நீண்டு தடிக்கத் தடிக்க ஈரம் தங்கும் நேரமும் கூடுகிறது. நான் எவ்வளவு ஒழுங்காகப் பராமரித்தேனோ அவ்வளவுக்கு என் ஞாயிற்றுக்கிழமைகள் பறிபோயின.

கொக்குவிலில் இருப்பவளுக்கு இது விளங்காது. அங்கே சோளகக் காற்று வீசும் நாளில் முற்றத்தில் முடியை விரித்துக்கொண்டு நின்றால் ஒரு மணித்தியாலத்தில் உலர்ந்துவிடும். அங்குள்ள கிணற்றுநீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருவதால் முடியை விறைக்கச் செய்கிறது என்பது வேறு விடயம். அம்பத்தளை நீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து குழாயில் வரும் களனி ஆற்றுநீர் அந்த வகையில் என் முடிக்கு மிகவும் இதமாக இருக்கிறது. காற்றுதான் இங்கே கைகொடுப்பதில்லை.

இயற்கையாக உலர விடுவதே முடிக்கு நல்லது என்ற எண்ணத்தில் இத்தனையையும் பொறுத்துக்கொண்டேன். அந்த எண்ணமும் முழுக்கச் சரியல்ல என்று தெரிந்தபோது மனம் கசந்துபோனது. 2011 இல் கொரிய ஆய்வாளர்கள் ட்ரையரைப் பல தூரங்களில் வைத்து முடியை உலர்த்திப் பார்த்திருக்கிறார்கள். வெப்பம் கூடக்கூட முடியின் மேற்பரப்பு சேதமடைந்தது. ஆனால் தண்டின் உள்ளே செல்களைப் பிணைக்கும் படலத்தில் சேதம் காணப்பட்டது தானாக உலரவிட்ட முடியில் மட்டும்தான். நீரில் ஊறிப் பருத்த நிலையில் முடி நெடுநேரம் இருந்ததே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. 15 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டு உலர்த்துவது, தானாக உலரவிடுவதைவிடக் குறைந்த சேதத்தையே தருகிறது என்று அவர்கள் முடிவு கூறினார்கள். அதை வாசித்தபோது அம்மம்மாவின் நினைவுதான் வந்தது. முழுகிய தலையை விரித்துவிட்டு, சட்டியில் தணலிட்டுச் சாம்பிராணிப் புகை காட்டுவார். அந்தக் காலத்துப் பாடல்களில் மகளிர் கூந்தலுக்கு ஊட்டிய அகிற்புகையும் மணத்துக்காக மட்டும் இருந்திராது என்று இப்போது நினைக்கிறேன். இதமான சூட்டில் ஈரம் போக்குவதையும் 230 பாகையில் முடியைப் பொசுக்குவதையும் நான் ஒரே தராசில் வைத்துவிட்டேன்.

அலுமாரியின் அடியில் கிடந்த ட்ரையரைக் கடந்த ஜூனில் எடுத்துத் திருத்தக் கொடுத்தேன். கழற்றிப் பார்த்த தம்பி, "அக்கா, சூடாக்குற சுருள் அறுந்திட்டுது, ஃபேன் மட்டும் ஓடும். புதுச் சுருள் போடட்டோ?" என்று கேட்டார். வேண்டாம், காற்று மட்டும் போதும் என்று சொல்லி, வயரை மட்டும் மாற்றி வாங்கி வந்தேன். விரதத்தைக் காப்பாற்றுகிறேன் என்ற பிடிவாதம் அது. வெறும் காற்றில் 40 நிமிடம் பிடிக்கும். கை தோளோடு கடுக்கும். ஐப்பசி மழை தொடங்கி, அலுமாரியில் மடித்து வைத்த துணிகூட ஈரமணம் வீசத் தொடங்கியபோது, அதே கடைக்குக் கொண்டுபோய்ச் சுருளையும் போட்டுக்கொண்டேன். நேற்று முழுகியபின், சாண் தூரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்து, என் மறுகையின் உள்ளங்கை பொறுக்கும் சூட்டில் மட்டும் வைத்து உலர்த்தினேன். 15 நிமிடத்தில் பிடரி உலர்ந்தது. மூன்றரை ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு ஞாயிறு முற்பகல் எனக்கு மிஞ்சியது.

ஆகவே மச்சாளுக்கு என் திருத்திய பதில் இது. ஸ்ட்ரெயிட்னர் வேண்டாம், அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. என் தலைமுடி இன்று இருப்பது போல அழகாக ஒருநாளும் இருந்ததில்லை என்பதிலும் ஐயம் இல்லை. இருந்தும், நான்கு நாட்களாக விடாமல் மழை பெய்யும் இந்தக் கிழமையில் இருந்துகொண்டு, விடுதி அறையில் தங்கிப் படிக்கப்போகும் ஒரு பிள்ளைக்கு இடுப்புவரை முடி வளர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோளளவுக்கு வெட்டிக்கொண்டு வரட்டும். ட்ரையரை நானே வாங்கிக் கொடுக்கிறேன், சூட்டைக் குறைத்துவைக்கக் கூடியதாகவும் குளிர்காற்றுப் பொத்தான் உள்ளதாகவும் பார்த்து.