“இப்பவே லேட்டு மேடம்” என்று வங்கியில் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

அக்கா தனியார் பள்ளி ஆசிரியை, வயது 43. பி.எஃப். மட்டும் போதாது என்று என்.பி.எஸ். (அரசின் தேசிய ஓய்வூதியத் திட்டம்) தொடங்க, சம்பளம் வரும் வங்கிக்கே போனாள். வங்கியின் பெயர் வேண்டாம், புகார் நிலுவையில் இருக்கிறது. ரிலேஷன்ஷிப் மேனேஜர் முதலில் கேட்டது வயசைத்தான். “இப்பவே லேட்டு மேடம். என்.பி.எஸ்.ல பணம் மாட்டிக்கும். நம்மகிட்டயே பென்ஷன் ஸ்கீம் இருக்கு, எஃப்.டி. மாதிரிதான், 8 பர்சன்ட். இந்த மாசத்தோட முடியுது.”

வீட்டுக்கு வந்தது எண்டோமென்ட் பாலிசி, அதாவது ஆயுள் காப்பீடும் சேமிப்பும் சேர்ந்த இன்சூரன்ஸ். வருஷம் 1 லட்சம், 10 வருஷம் கட்ட வேண்டும். பணம் வருவது 15 வருஷம் கழித்து. கூடவே வரும் கணக்குத் தாளில் 4%, 8% என்று இரண்டு பத்திகள் இருக்கும். இரண்டும் அனுமானம்தான். அந்த 8%, கம்பெனி முதலீட்டில் ஈட்டுவதாக வைத்துக்கொள்வது. கமிஷன், செலவு எல்லாம் போக நம் கைக்கு வருவது வேறு. அக்காவின் தாளில் 8% பத்தியிலேயே 16 லட்சம்தான். எக்செல்லில் போட்டால் வருஷத்துக்கு 4.5%. அதே பணம் பி.பி.எஃப். என்ற அரசு சேமிப்புத் திட்டத்தில், இப்போதைய 7.1% நீடித்தால், ஏறக்குறைய 21 லட்சம் ஆகும். 4% பத்தியை நான் சொல்லவே வேண்டாம்.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து சரிபார்க்கப் போனில் கூப்பிடுவார்கள், பேச்சு பதிவாகும். “எல்லாத்துக்கும் எஸ் சொல்லிடுங்க, இல்லேன்னா அப்ளிகேஷன் நின்னுடும்” என்று சொல்லிக்கொடுத்ததும் அதே ஆள். புகார் கொடுத்தபோது கம்பெனி நீட்டியது அந்த ஒலிப்பதிவைத்தான்.

பாண்ட் (பாலிசிப் பத்திரம்) கையில் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்றால், சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பும். அக்கா அதற்குள்ளேயே வங்கிக்குப் போன் செய்தாள். “நானே வீட்டுக்கு வர்றேன் மேடம்” என்று வாரக்கணக்கில் இழுத்து, கெடு முடிந்த பிறகு அந்த ஆள் போனையே எடுக்கவில்லை. (பேச்சில் மட்டும் கடைசிவரை மரியாதைக்குக் குறைவில்லை.) ஆகவே வங்கியில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கே மெயில் அனுப்பி, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

43 தாமதம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 60 வரைக்கும் 17 வருஷம் இருக்கிறது. ஒரு மாதம் விசாரித்துவிட்டுத் தொடங்கினால் குறைவது ஒரு மாதத் தவணை. அவசரத்தில் போட்ட கையெழுத்துக்குப் போனது முழுசாக 1 லட்சம். என்.பி.எஸ்.ஸை பிறகு ஆதார், பான் வைத்து வீட்டிலிருந்தே திறந்தோம். வருஷத்துக்குக் குறைந்தது 1,000 ரூபாய் போட்டால் போதும், எந்த மேனேஜரும் தேவைப்படவில்லை.

இப்போது சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) புகார் கொடுத்திருக்கிறோம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் போக வேண்டும். அவர்கள் மறுத்தாலோ ஒரு மாதமாகியும் பதில் தராவிட்டாலோ ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். மறுப்புக் கடிதம் வந்திருந்தால் அன்றிலிருந்து 1 வருஷம்தான் கெடு, தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.